போர்டு நாலு காட்டுச்சு

நீங்களே சன்னலோரம் உக்காந்துக்குங்கண்ணா. எனக்கு வேண்டாம். இன்னைக்கு எங்க உக்காந்தாலும் எனக்கு இருப்புக் கொள்ளாது. அப்பத்துலிருந்து மூணு சீட்டு மாத்தியாச்சு. கண்டக்டர் கூட ஒரு மாதிரி பாத்துட்டுப் போறாரு.

உங்க ஊட்டுல மாடு இருக்குதுங்களா? ரெண்டு உருப்படியா? பாலு சொசைட்டிக்குத்தான் ஊத்தறீங்களா? அப்ப நான் சொல்றது உங்களுக்குச் சட்டுன்னு புரிஞ்சுரும். ஆபீஸ்ல இருக்கறவனுகளுக்குத்தான் புரிய வெக்க முடியறதில்ல.

எம் பேரு ஈஸ்வரமூர்த்தி. கோயமுத்தூர்ல ஒரு கம்பெனி. கம்பெனி பேரு வேண்டாம் விடுங்க. சொசைட்டியில பாலைக் குளுர வெக்கறதுக்குப் பெரிய எவர்சில்வர் டேங்க் இருக்குமில்ல, அதுக்குப் பக்கத்துச் செவுத்துல ஒரு பொட்டி மாட்டியிருக்கும். அதுல இருக்கற போர்டு செவப்பு எழுத்துல டிகிரி காட்டும். அந்தப் பொட்டி நாங்க பண்றதுங்க. பொட்டின்னா தகரத்தச் சொல்லல. உள்ள ஓடற புரோகிராம். அது நான் எழுதினது. பதினோரு வருசமாச்சு.

அதுக்குன்னே ஒரு சின்ன லாங்குவேஜ் பண்ணினனுங்க. எதுக்குன்னா, ஒவ்வொரு சொசைட்டியும் ஒவ்வொரு மாதிரி கேப்பாங்க. எங்க சர்வீஸ் ஆளுகளே போற எடத்துல நாலு வரி எழுதிப் போட்டுக்கலாம். டிகிரி நாலரைக்கு மேல போனா குளுர வெக்கற மோட்டாரைப் போடு, மூணரைக்கு வந்தா நிறுத்து. இப்படி. அந்த வரிகள ஒவ்வொண்ணாப் படிச்சு, அதும்படி மிஷினை நடத்தறதுக்கு உள்ள ஒரு புரோகிராம் வேணுமில்லீங்க, அதுக்கு இன்டர்பிரட்டர்னு பேரு. அதைத் தனியாளா எழுதினேன். கல்யாணமாகி ஆறு மாசம் அப்ப. பொண்டாட்டி பொறந்த ஊட்டுக்குப் போனவ எப்பத் திரும்பி வந்தான்னு கூட எனக்குத் தெரியாது. அப்படி எழுதினது. இன்னைக்கு முந்நூத்தி நாப்பது சொசைட்டியில ஓடுது. சும்மா சொல்லலீங்க, முந்நூத்தி நாப்பது.

அதுல ஒரு புள்ள வந்து தப்புக் கண்டுபுடிச்சா எப்படி இருக்கும்? சொல்லுங்க. ரெண்டு வருசம் கூட வேலை பாக்காத புள்ள.

இருங்க, மொதல்லருந்து சொல்றேன்.

போன வைகாசி. தாராபுரம் தாண்டி ஒரு ஊரு, நான் இப்ப அங்கிருந்துதான் வர்றேன். அந்த ஊரு சொசைட்டியில ஒரு டேங்க் பால் முழுக்கக் கெட்டுப் போச்சு. மூவாயிரம் லிட்டர். ஞாயித்துக்கெழம வரவேண்டிய டேங்கர் லாரி வரல. திங்கக்கெழம காத்தால வந்து மூடியத் தொறந்தா, டிரைவர் மூக்கைப் புடிச்சுட்டுக் கீழ குதிச்சுட்டானாம். ஊரே கூடியாச்சு. எங்க கம்பெனிக்குப் போன் வந்துது. நான்தான் போனேன்.

அந்த டேங்கைப் பாத்துக்கறது பூவாத்தான்னு ஒரு அம்மா. நாப்பது வயசு இருக்கும். பாலை அளந்து ஊத்தறது, டேங்கைக் கழுவறது, ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா போர்டைப் பாத்து நோட்டுல எழுதறது. எல்லாம் அவங்கதான். மிஷின் மாட்டின அன்னைக்கு நானே போயி, இப்படிப் பாக்கணும் அப்படிப் பாக்கணும்னு சொல்லிக் குடுத்திருக்கறேன். நல்ல கவனமான பொம்பள. அது வேற விசயம்.

நான் போகயில கமிட்டிக்காரங்க எல்லாம் சேரு போட்டு உக்காந்திருக்கறாங்க. அந்தம்மா மட்டும் டேங்குக்குப் பக்கத்துல நின்னுட்டு இருக்குது. நான் பொட்டியத் தொறந்தேன். லேப்டாப்ப மாட்டினேன். ரெக்கார்ட எடுத்தேன். மிஷின் நிமிசத்துக்கு ஒருக்கா டிகிரிய எழுதி வெக்குமுங்க. பாத்தா, ஞாயித்துக்கெழம மத்தியானத்துலருந்து திங்கக்கெழம காத்தால வரைக்கும் நாலு டிகிரி. ஒரு புள்ளி கூட ஏறல, எறங்கல. எனக்கு அப்படியே பெருமையாப் போச்சு.

"மிஷின்ல ஒண்ணும் கோளாறு இல்லீங்க. ரெக்கார்டு சுத்தமா இருக்குது"ன்னு சொன்னேன்.

அந்தம்மா மெதுவா எங்கிட்ட வந்து, "ஏனுங்க சார், போர்டு நாலுதானுங்க காட்டுச்சு? அதை மட்டும் இவங்ககிட்டச் சொல்லுங்க சார். நாந் தூங்கிட்டேங்கறாங்க"ன்னுச்சு.

"நாலுதான் காட்டிச்சும்மா."

"மோட்டாரு சத்தமே இல்லீங்க சார். ஆனா நாலுல இருந்தா மோட்டாரு ஓடாதுன்னு நீங்கதானுங்க சொல்லிக் குடுத்தீங்க. அதனால நானும் சும்மா இருந்துட்டேன்."

உடனே சொசைட்டிச் செயலாளர் கேட்டாரு. "அப்ப நாலு டிகிரியில இருந்த பாலு எப்படிங்க கெட்டுப் போகும்?"

நான் என்னத்தச் சொல்றது? எனக்குத் தெரிஞ்சதச் சொன்னேன். "போர்டு நாலு காட்டுச்சுன்னா பாலு நாலுலதாங்க இருந்திருக்கும். டேங்கு சரியாக் கழுவலேன்னாலும் கெடும். கெட்ட பாலு ஒரு கேன் கலந்தாலும் கெடும்." நான் அந்தம்மா கழுவலேன்னு சொல்லலீங்க. கவனிங்க. பொதுவாத்தான் சொன்னேன். அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்கன்னாங்க. குடுத்தேன். ஆபீஸ்ல கேட்டாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

அந்தம்மா டேங்கையே பாத்துட்டு நின்னுச்சு. அப்புறம் சேலைத் தலைப்பால போர்டு மேல இருந்த தூசியத் தொடச்சுச்சு. எதுக்குத் தொடச்சுதுன்னு எனக்கு இன்னும் தெரியாது. அடுத்த வாரம் வேலைய விட்டு எடுத்துட்டாங்களாம். கமிட்டி முடிவு. அதுக்கு நான் என்னங்க பண்றது?

இது ஏன் இப்படிக் குலுக்குது? பின்னால டயருக்கு மேல சீட்டு, அதான். மாத்தி உக்காரலாமா? வேண்டாமா. சரி.

ஆடி மாசம் அந்தப் புள்ள வந்து சேந்துச்சு. பேரு ஷெரின். மார்த்தாண்டம் பக்கம். டெஸ்டிங் வேலைக்கு எடுத்தது. டெஸ்டிங்னா, நாங்க எழுதறதுல தப்புத் தேடறது. தேடட்டும், அதுக்குத்தான் சம்பளம். ஆனா புதுசா எழுதறதுல தேடணும். இது என்ன பண்ணுச்சு, பழைய சர்வீஸ் ரிப்போர்ட்டெல்லாம் கட்டுக் கட்டா எடுத்து வெச்சுப் படிச்சிருக்குது. ஒரு நாள் என் டேபிளுக்கு வந்து ரெண்டு காகிதத்தைப் பரப்புச்சு.

"சார், இது பாலு கெட்டதுக்கு முந்தின நாள் ரெக்கார்டு. மூணு புள்ளி எட்டு, நாலு புள்ளி ரெண்டு, மூணு புள்ளி ஒம்பது. மோட்டார் ஓடுனா எறங்குது, நின்னா ஏறுது. இது அடுத்த நாளு. நாலு, நாலு, நாலு, நாலு. பதினெட்டு மணி நேரம் சார். இது எப்படி?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்ல மிஷின்னா அப்படித்தாம்மா இருக்கும்"னு சொன்னேன். பக்கத்து டேபிள்காரனுக சிரிச்சானுக. அவ சிரிக்கல. காகிதத்தை மடிச்சு எடுத்துட்டுப் போயிட்டா.

மூணு வாரம் கழிச்சு மறுபடியும் வந்தா. "சார், ஒரு நிமிசம் லேபுக்கு வாங்க." போனா, டிகிரி பாக்கற சென்சாரோட கம்பிய ஒரு ரிலேயில மாட்டி வெச்சிருக்கறா. அது தானாக் கம்பிய விடும், ஒட்டும், விடும், ஒட்டும். டக், டக்னு ஒரு நாள் பூரா அடிச்சுட்டே இருந்திருக்குது. போர்டு நாலுல நிக்குது. சென்சாரை எடுத்துச் சுடுதண்ணி டம்ளருக்குள்ள போடறா. போர்டு அப்பவும் நாலு.

"அறுநூத்திப் பதினோராவது தடவை சார். நேத்து எழுநூத்திச் சொச்சத்துல வந்துது."

"ஏம்மா, எந்தச் சொசைட்டியில அறுநூறு தடவை கம்பியப் புடுங்கறாங்க?"

"கம்பி லூசா இருந்தாப் போதும் சார். மோட்டார் ஓடற அதிர்வுக்கு ஒரு நாளைக்கே அறுநூறு தடவை விட்டு விட்டு ஒட்டும். எலி கடிச்சாப் போதும். அந்தம்மா சொன்னது உண்மையா இருந்தா என்ன சார் பண்றது?"

"எந்தம்மா?"

"பூவாத்தாள்னு ரிப்போர்ட்ல இருக்கே. உங்க கையெழுத்துக்கு மேல."

அப்பப் பாக்கறேன்னு சொன்னேன். சொன்னேனா இல்லையா? கேட்டுக்குங்க. பாக்க மாட்டேன்னு சொல்லல. வேலை இருந்துச்சு, ஒரு வாரம் தள்ளிப் போச்சு. அதுக்குள்ள அவ நேரா எம்.டி. ரூமுக்குள்ள போயிட்டா. டம்ளரோட. சுடுதண்ணி டம்ளரோட போனாளாம்! எம்.டி. என்னைக் கூப்பிட்டு எல்லாத்துக்கும் முன்னால, "மூர்த்தி, ஒருக்கா என்னன்னு பாத்துருங்க"ன்னாரு. பதினோரு வருசத்துல அந்த மனுசன் என்கிட்ட அப்படிச் சொன்னதே இல்லீங்க. அதைத்தான் என்னால மறக்க முடியல.

சரின்னு உக்காந்தேன். ஆவணியில உக்காந்தவன் கார்த்திகையிலதான் எந்திரிச்சேன்.

பிரச்சினை என்னன்னு உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன். உள்ள மூணு வேலை ஒண்ணா நடக்குது. ஒண்ணு சென்சாரப் படிக்கும். ஒண்ணு மோட்டாரைப் போடும். ஒண்ணு போர்டுல எழுதும், ரெக்கார்டுலயும் எழுதும். த்ரெட்டுன்னு பேரு. மூணு ஆளு ஒரு கடையில வேலை பாக்கற மாதிரி வெச்சுக்குங்க. ஒரு ஆளு வேலையில தப்பு வந்துட்டா, கம்பி விட்டுப் போச்சுன்னு வெச்சுக்குங்க, அவன் உடனே கத்துவான். அந்தச் சத்தம் யாருக்குப் போகணும், கேட்டவன் என்ன பண்ணணும்னு முன்னாடியே ஒரு எடத்துல எழுதி வெச்சிருப்போம். சென்சார்காரன் கத்தினா என்ன பண்ணணும்? மறுபடி படிச்சுப் பாக்கணும், கம்பி ஒட்டாமயே இருந்தா அலாரம் அடிக்கணும். அதுவும் எழுதியிருந்துச்சு. போர்டுக்காரன் கத்தினா? போர்டு அடிக்கடி மினுக்கு மினுக்குன்னு மினுங்கும், அது சின்ன விசயம். அதனால, 'கண்டுக்காத, பழைய நம்பரையே காட்டு'ன்னு எழுதியிருந்துச்சு.

நான் என்ன பண்ணியிருந்தேன்னா, இதை எழுதி வெக்கறதுக்கு மூணு பேருக்கும் சேத்து ஒரே ஒரு எடம் வெச்சிருந்தேன். இந்தாளு வேலை பாக்கறப்ப இவனோடது அதுல இருக்கும். அடுத்தாளு வந்தா அதை அழிச்சு அவனோடத எழுதுவான். மாறற அந்த ஒரு நொடியில, சென்சார்காரன் கத்தறப்ப, அந்த எடத்துல போர்டுக்காரனோடது இருந்துதுன்னா? அவ்வளவுதான். 'கண்டுக்காத, பழைய நம்பரையே காட்டு.' சென்சார்காரன் வெளிய போயிடுவான், திரும்ப வரவே மாட்டான். போர்டு நாலுன்னு காட்டிட்டே இருக்கும். ரெக்கார்டும் நாலுன்னு எழுதிட்டே இருக்கும். நாலு இருக்குதேன்னு மோட்டாரும் ஓடாது. பாலு பாட்டுக்குச் சூடாகிட்டு இருக்கும்.

அந்த எடத்த நான் கண்டுபுடிச்சப்ப ஷெரின் எனக்குப் பின்னாலதான் நின்னுட்டு இருந்தா. ஸ்கிரீன்ல, அந்த வரிக்குப் பக்கத்துல, நானே எழுதி வெச்ச குறிப்பு இருக்குது. 'இப்போதைக்கு.' தேதி போட்டு. பதினோரு வருசத்துக்கு முந்தின தேதி.

அவ அதைப் படிச்சா. சிரிச்சிருந்தாக் கூடப் பரவால்லைங்க. "டீ வாங்கிட்டு வரட்டுமா சார்?"னு கேட்டா.

அதுக்கப்புறம் எனக்குச் சோறு எறங்கல. ஒண்ணச் சரி பண்ணினா இன்னொண்ணு வருது. ஆளுக்கொரு எடம் தனித்தனியாக் குடுத்தேன். சரியாச்சுன்னு பாத்தா, கத்தறதக் கேக்கறதுக்கு யாருன்னே எழுதாத த்ரெட்டு இருந்தா அது சத்தமே இல்லாமச் செத்துப் போகுது. அதைச் சரி பண்ணினேன். ஒருத்தன் போனாலும் போர்டுல நம்பர் வராது, கோடு கோடா வரும், அலாரம் அடிக்கும். அப்புறம் பாத்தா, சாகற த்ரெட்டு மூணுக்கும் பொதுவான சாவியக் கையில வெச்சுட்டே செத்துப் போகுது. மத்த ரெண்டும் சாவிக்குக் காத்துட்டே நிக்குது. அதைச் சரி பண்ணினா, ஒரு தப்பைத் தொடச்சுட்டு இருக்கயில ரெண்டாவது தப்பு வந்து மொதத் தப்பை அழிச்சுப் போட்டுருது. என்ன நடந்துச்சுன்னே தெரிய மாட்டேங்குது. ஒவ்வொரு தடவையும் நான் "முடிஞ்சுது"ங்கறது, அவ ரிலேய ஓட விடறது, ரெண்டு நாள் கழிச்சு வந்து "இல்ல சார்"ங்கறது.

"இல்ல சார்." அந்த ரெண்டு வார்த்தையக் கேட்டா மறுபடியும் மொத வரியிலருந்து பாக்க ஆரம்பிப்பேன்.

ஊட்டுல சோத்துல கையை வெச்சுட்டு எந்திரிச்சுப் போயிடுவேன். பொண்டாட்டி, "தட்டுல என்னங்க கெடக்குது, அப்படிப் பாக்கறீங்க?"ன்னு கேப்பா. படுத்தா அந்த ரிலே சத்தம். டக், டக். இத்தனைக்கும் அந்த ரிலே ஆபீஸ்ல இருக்குது.

கார்த்திகை கடைசியில ஒரு நாள் வந்தா. "நாப்பதாயிரம் தடவை சார். ஒரு தடவை கூட நிக்கல." சிரிச்சா. அன்னைக்குத்தான் அந்தப் புள்ள சிரிச்சு நான் பாத்தது. எனக்கும் சந்தோசம்தான். இல்லேங்கல. பண்ணினது நானுதானே? தப்பைக் காட்டறது ஒரு வேலை, சரி பண்றது ஒரு வேலை இல்லையா? ஆபீஸ்ல எல்லாரும் வந்து கைகுடுத்தது அவளுக்கு. சரி, போகட்டும்.

புது புரோகிராம எல்லாச் சொசைட்டிக்கும் அனுப்பணும். கூட ஒரு சுற்றறிக்கை போகும், என்ன மாத்தியிருக்குதுன்னு. நான் ஒரே வரியில எழுதினேன். 'செயல்பாடு மேம்படுத்தப்பட்டுள்ளது.' டெஸ்டிங்ல இருந்து அவ கையெழுத்துப் போட்டாத்தான் போகும்.

அவ படிச்சுட்டு, "பூவாத்தாளுக்கு யாரு சார் எழுதுவா?"ன்னா.

"அது சர்வீஸ் டிபார்ட்மென்ட் பாத்துக்குவாங்க."

"அவங்க உங்களக் கேக்கச் சொல்றாங்க சார். கையெழுத்து உங்களோடதாம்."

"இந்தா பாரும்மா, நீ டெஸ்டிங்க மட்டும் பாரு. கமிட்டி எடுத்த முடிவுக்கெல்லாம் நாம பொறுப்பாக முடியாது. கம்பெனி பேரும் இருக்குதில்ல?"

"அவங்க பேரும் இருக்குல்லா சார்?"

நான் காகிதத்தை அவ பக்கம் தள்ளினேன். கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டா. மத்த சொசைட்டிகளுக்கு உடனே போகணும்னு போட்டேன்னு அப்புறம் யார்கிட்டயோ சொன்னாளாம். தை மாசம் வேலைய விட்டுட்டுப் போயிட்டா. பெங்களூர்ல சம்பளம் ஜாஸ்தியாம். ஹெச்.ஆர்.ல அப்படித்தான் சொன்னாங்க. இந்தக் காலத்துப் புள்ளைக ஒரு எடத்துல நிக்கறதில்லீங்க.

தண்ணி இருக்குதுங்களா? ஒரு வாய் குடுங்க. போதும், போதும்.

முந்நூத்தி நாப்பதுல முந்நூத்தி முப்பத்தொம்பது முடிஞ்சுது. அந்த ஊரு மட்டும் பாக்கி. சர்வீஸ் ஆளுக ரெண்டு தடவை போறேன்னாங்க. நாந்தான், இருங்க, அப்புறம் பாத்துக்கலாம்னு சொன்னேன். எதுக்குச் சொன்னேன்னு தெரியல. இன்னைக்கு லீவு போட்டுட்டு நானே கெளம்பிட்டேன். ஊட்டுல ஆபீஸ் வேலைன்னு சொன்னேன். ஆபீஸ்ல ஊட்டு வேலைன்னு சொன்னேன்.

மத்தியானம் ரெண்டு மணிக்குப் போய்ச் சேந்தேன். அதே செயலாளர்தான். பத்து நிமிச வேலை. முடிச்சுட்டு, சோதனைக்குச் சென்சார் கம்பியப் புடுங்கினேன். போர்டுல கோடு வந்துது. அலாரம் ஊரே கேக்கற மாதிரி அடிச்சுது. செயலாளர் காதைப் பொத்திட்டு ஓடி வந்து, "என்னங்க இது, இப்படிக் கத்துது? முன்ன இருந்ததே நல்லா இருந்துச்சே!"ங்கறாரு. எனக்குச் சிரிக்கறதா அழுகறதான்னு தெரியல.

அதோட கெளம்பியிருக்கலாம். மூணேகாலுக்கு ஒரு பஸ்ஸு இருந்துச்சு. பஸ்ஸுக்குத்தான் நடந்தேன். ஆனா வழியில ஒரு பொம்பளைகிட்ட, பூவாத்தா ஊடு எதுங்கன்னு என் வாயே கேட்டுருச்சு.

வாசல்ல வெங்காயம் குமிச்சு வெச்சு, கத்தரிக்கோல்ல வாலும் காம்பும் நறுக்கிட்டு இருந்துச்சு. கூலிக்கு. சின்ன வெங்காயம், மூட்டை மூட்டையா. என்னைப் பாத்தது. எந்திரிக்கல. ஆனா மூஞ்சியத் திருப்பிக்கவும் இல்ல.

"வாங்க சார். அந்தக் கட்டில்ல உக்காருங்க."

நான் உக்காரல. நின்னுட்டே ஆரம்பிச்சேன். "அன்னைக்கு மிஷின்ல ஒரு சின்ன... உள்ள மூணு த்ரெட்டு ஓடும்மா, அதுல எரர் வரப்ப..."

"அந்தப் புள்ள வந்து எல்லாம் சொல்லிட்டுப் போச்சுங்க சார்."

"எந்தப் புள்ள?"

"ஷெரினு. தை மாசம் ஒரு ஞாயித்துக்கெழம வந்துச்சு. இங்கதான் உக்காந்து ஒரு மூட்டை வெங்காயம் என்கூட நறுக்குச்சு. கண்ணுல தண்ணி ஊத்த ஊத்தப் பேசிட்டு இருந்துச்சு."

எனக்குத் தலையில அடிச்ச மாதிரி இருந்துச்சு.

"நானும் போயிக் கமிட்டியில சொன்னனுங்க. மிஷின் பண்ணினவரே கோளாறு இல்லேன்னு எழுதிக் குடுத்திருக்கறாரு, அவரே வந்து மாத்திச் சொன்னாத்தான் ஆச்சுன்னாங்க. உங்களுக்கு ஏழெட்டுத் தடவை போன் பண்ணினேன். நீங்க எடுக்கல."

தெரியாத நம்பருங்க! லோன் வேணுமான்னு கேக்கறவன்னு நெனச்சுக் கட் பண்ணியிருப்பேன். எனக்கு எப்படித் தெரியும்?

அந்தம்மா கையைச் சேலையில தொடச்சுட்டு உள்ள போயி, ஒரு பிளாஸ்டிக் பையில இருந்து காகிதம் ஒண்ணு எடுத்துட்டு வந்துச்சு. டைப் அடிச்சது. 'அன்று நான் சொன்னது தவறு. கருவியில்தான் கோளாறு இருந்தது. பூவாத்தாள் மேல் எந்தக் குற்றமும் இல்லை.' மூணே வரி. கீழ கையெழுத்துக்கு எடம் விட்டு, எடத்துக்குக் கீழ என் பேரு. ஈஸ்வரமூர்த்தி. என் பேரை அந்த ஷெரினே டைப் பண்ணி வெச்சிருக்கறா பாருங்க!

"அவரு ஒரு நாளு வருவாரு, வந்தா இதுல வாங்கிக்கங்கன்னு அந்தப் புள்ள குடுத்துட்டுப் போச்சுங்க. நான் வர மாட்டாருன்னேன். இல்லக்கா, கண்டிப்பா வருவாருன்னுச்சு."

எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியல. கோவமா வந்துது. யாரைக் கேட்டு என் பேரைப் போட்டான்னு. பேனாவ எடுத்தேன். கட்டில்ல வெச்சுக் கையெழுத்துப் போட்டேன். போட்டுக் குடுத்துட்டு, "வரட்டும்மா?"ன்னேன்.

"எங்க போறீங்க சார்? இதை என்கிட்டக் குடுத்து நான் என்ன பண்றது? எனக்குத்தான் தெரியுமே. சாயந்தரப் பாலு ஊத்தற நேரமாச்சு. வாங்க."

முன்னால நடக்குது. நான் பின்னால போறேன். இவ்வளவு நீளமான ரோட்டுல நான் நடந்ததே இல்லீங்க. சொசைட்டி வாசல்ல நாப்பது அம்பது பேரு, கேனும் தூக்குப்போசியுமா வரிசையில நிக்கறாங்க. அந்தம்மாவப் பாத்ததும் வழி விட்டாங்க. செயலாளர் அளந்துட்டு இருந்தவரு அப்படியே நிமுந்தாரு.

"இவரு ஒண்ணு சொல்லணுமாம்"னுச்சு அந்தம்மா.

நான் ஆரம்பிச்சேன். "கருவியின் மென்பொருளில், பல செயல்கள் ஒரே நேரத்தில்..."ன்னு ஏதோ மேடையில பேசற மாதிரி வருது எனக்கு. அந்தம்மா குறுக்க வந்து, "அப்படி இல்லீங்க சார். எல்லாத்துக்கும் புரியற மாதிரிச் சொல்லுங்க"ன்னுச்சு.

சொன்னேன். "போர்டு பொய் சொல்லுச்சுங்க. இந்தம்மா சொன்னதுதான் நெசம். நான் பண்ணின மிஷின்லதான் தப்பு. நான் அன்னைக்குச் சரியாப் பாக்கல."

கடைசியில நின்ன ஒரு பெரியவரு மட்டும் கேட்டாரு. "அப்ப அன்னைக்கு எதுக்கு வேற மாதிரி சொன்னீங்க?"

இவ்வளவு நேரம் உங்ககிட்டப் பேசறேனே, அந்தாளுக்கு மட்டும் ஒரு வார்த்தை வரல.

பூவாத்தா அந்தக் காகிதத்தைச் செயலாளர் கையில குடுத்து, "நோட்டீஸ் போர்டுல ஒட்டுங்க"ன்னுச்சு. அவரு காகிதத்தப் படிச்சாரு, அந்தம்மாவப் பாத்தாரு. "திங்கக்கெழமையிலருந்து வர்றியா பூவாத்தா?"ன்னாரு. "ரெண்டு மூட்டை கெடக்குது. நறுக்கி முடிச்சுட்டு யோசிச்சுச் சொல்றேன்"னு சொல்லிட்டுத் திரும்பி நடந்துருச்சு. வரிசையில இருந்த பொம்பளைக நாலஞ்சு பேரு கேனைக் கீழ வெச்சுட்டுப் பின்னாலயே போனாங்க. ஒருத்தி கையைப் புடிச்சுக்கிட்டா. என்னை யாரும் கண்டுக்கல. ஒரு வாய் டீ குடிக்கறீங்களான்னு கூட யாரும் கேக்கல. கேக்கணும்னு இல்ல. சும்மா சொல்றேன்.

நோட்டீஸ் ஒட்டறதப் பாத்துட்டுத்தான் கெளம்பினேன். பசை இல்ல, செயலாளர் நாலு மூலையிலயும் குண்டூசி குத்தினாரு. கோணலா இருந்துச்சு. நேராக் குத்துங்கன்னு சொல்லலாம்னு பாத்தேன், சொல்லல.

தப்பைத் திருத்தியாச்சு, சொல்ல வேண்டியதச் சொல்லியாச்சு. இப்ப நான் நிம்மதியா இருக்கணுமில்லீங்க? இருக்க முடியல. ஒண்ணே ஒண்ணு மட்டும் ஆற மாட்டேங்குது. அந்த ஷெரினு. இத்தனை தூரம் பஸ் ஏறி அங்க போகத் தெரிஞ்ச புள்ளைக்கு, உக்காந்து வெங்காயம் நறுக்கத் தெரிஞ்ச புள்ளைக்கு, நாலு அடி தள்ளி உக்காந்திருந்த என்கிட்ட வந்து ஒரு வார்த்தை சொல்லத் தெரியலையே. இப்படி இப்படி, அந்தம்மா வேலையில்லாம இருக்கறாங்க, நீங்க வந்து சொன்னா நல்லா இருக்கும் சார்னு ஒரே ஒரு வார்த்தை! நான் என்ன, சொன்னாக் கேக்க மாட்டேன்னா இருந்தேன்?

ஏனுங்கண்ணா, நீங்களே சொல்லுங்க. என்ன, அப்படிப் பாக்கறீங்க?